பழைய முல்லைக் கொடியில் பதியன்: எங்கே தவறுகிறது?

கிளையைத் தாய்க்கொடியிலிருந்து பிரிக்காமலே வளைத்து, நுனி வெளியே நிற்க மண்ணில் புதைத்து வேர்விட வைப்பதுதான் பதியன். பந்தல் ஏறிப் பல வருடம் ஆன முல்லைக் கொடியிலிருந்து புதுச்செடி எடுக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது தடித்த அடித்தண்டில்தான். பாதிப் பதியன் அங்கேயே வீணாகிறது. பட்டை வெடித்துச் சொரசொரத்த தண்டு லேசில் வேர் விடாது. நுனியில் துவளும் பச்சைத் தளிரோ மண்ணுக்குள் அழுகிவிடும். பென்சில் பருமனில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய, வளைத்தாலும் ஒடியாத கிளையாகப் பாருங்கள்.

அப்படி ஒன்றும் தரைக்கு எட்டவில்லை என்றால் பந்தலிலிருந்து இழுக்காதீர்கள். ஜனவரி கடைசி முல்லைக்குக் கவாத்துக் காலம். அப்போது ஒன்றிரண்டு முதிர்ந்த கிளைகளைத் தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அடியில் கிளம்பும் துளிர் ஆடி மாதத்துக்குள் பதமாகிவிடும்.

காலமும் அதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சித்திரை வெயிலில் போட்ட பதியன், காலையில் தண்ணீர் ஊற்றினாலும் சாயங்காலம் மேல்மண் காய்ந்து கிடக்கும். ஆடி, ஆவணியில் போட்டால் ஐப்பசி மழைவரை ஈரம் பெரும்பாலும் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்து கத்தி. கிளையை வளைத்தால் மண்ணைப் பார்க்கும் பக்கத்தில், கணுவை ஒட்டி, 3 செ.மீ. நீளத்துக்குச் சாய்வாகக் கீறி, தண்டின் பாதிப் பருமனில் நிறுத்துங்கள். ஆழம் கூடினால் வளைக்கும்போது முறியும். பட்டையை மட்டும் கீறினால் காயம் மறுபடி ஒட்டிக்கொள்ளும், வேருக்கு வேலையே இருக்காது. மருந்து நீக்கிய தீக்குச்சித் துண்டை வெட்டுக்குள் செருகுவது அதற்காகத்தான். இலையில் உருவாகிப் பட்டை வழியே இறங்கும் சத்து வெட்டில் தடைபட்டுத் தேங்கும்; வேர் அங்கேதான் பிடிக்கும். ஆகவே வெளியே நிற்கும் நுனியில் இலையை உருவிவிடக் கூடாது. மண்ணுக்குள் போகும் பகுதியில் மட்டும் கிள்ளினால் போதும்.

நம் செம்மண் காய்ந்தால் இறுகிப்போகும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து 10 செ.மீ. ஆழக் குழியில் நிரப்பி, வெட்டுப் பகுதியை அமிழ்த்தி, மேலே ஒரு கல்லை வையுங்கள். பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் காயம் கருகும், கறையானும் சேரும். ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு நல்லது. ஈரம் இருந்தால் போதும், சேறாகக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்து மண்மேல் வெள்ளை பூத்தால், மழைநீர் பிடித்து ஊற்றுங்கள்.

நுனியில் புதுத்துளிர் கண்டதும் வேர் வந்துவிட்டதென்று வெட்டுவதுதான் பலரும் செய்வது. அந்தத் துளிருக்கு உணவும் நீரும் தாய்க்கொடியிலிருந்தும் வந்திருக்கும். தோண்டிப் பார்க்கவும் வேண்டாம்; நூல் போன்ற இளவேர் பட்டென்று அறுந்துவிடும். மூன்று, நான்கு மாதம் பொறுத்து, தாய்க்கொடிப் பக்கம் தண்டைப் பாதியளவு வெட்டிவிட்டு 15 நாள் கவனியுங்கள். வாடாமல் நின்றால் மீதியையும் வெட்டலாம். வாடினால் தண்ணீர் காட்டி இன்னொரு மாதம் விடுங்கள்.

பிரித்ததை மண்ணோடு பெயர்த்துப் பையில் வைத்து, மூன்று வாரம் நிழலில் தேற்றிய பிறகே வெயிலுக்குக் கொண்டுபோங்கள்.

இத்தனைக்கும் முன்னால் தாய்க்கொடியின் இலையைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளைக் கம்பளி போல ரோமம் படர்ந்திருந்தால் அது சிலந்திப்பேன் வேலை. அந்தக் கொடியில் பதியன் எடுத்தால் பேனும் கூடவே வரும். பக்கத்து வீட்டில் நல்ல கொடி இருக்கிறதா என்று கேட்டுவிடுவது மேல்.