ஆசனத்துக்கு முன்னால் அகிம்சை: பாயிலேயே பழகும் முறை

யோகா என்றதும் பாயை விரித்து உடம்பை வளைக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் யோக சூத்திரம் என்ற பழைய நூலில் பதஞ்சலி முனிவர் சொன்ன 196 சூத்திரங்களில் (சில பதிப்புகளில் 195) ஆசனத்தை நேராகப் பேசுபவை மூன்றே மூன்றுதான், யோகத்தின் எட்டு அங்கங்களில் அதற்கு முன்னாலேயே இயமமும் (தவிர்க்க வேண்டியவை) நியமமும் (கடைப்பிடிக்க வேண்டியவை) நிற்கின்றன. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே வரிசையில்தான் சொல்கிறார்.

சரி, எங்கே தொடங்குவது? இயமத்தில் முதலில் வருவது அகிம்சை, அதை முதலில் உங்கள் உடம்பிடமே காட்டுங்கள். பச்சிமோத்தானாசனத்தில், அதாவது கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும்போது, தொடையின் பின்பக்கம் சுருக்கென்று இழுத்தால் அங்கேயே நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு ஐந்து மூச்சு விடுங்கள், பக்கத்தில் இருப்பவர் நெற்றியை முட்டியில் வைத்துவிட்டார் என்பதற்காக நீங்களும் முண்ட வேண்டியதில்லை. "ஸ்திரசுகம் ஆசனம்" என்கிறது சூத்திரம். உறுதியும் வேண்டும், சுகமும் வேண்டும். இதை மூச்சை வைத்தே சோதிக்கலாம்: அது திணறினால் சுகம் போய்விட்டது, சற்றுப் பின்வாங்குங்கள்.

அப்புறம் அப்பியாசம் (தொடர்ந்த பயிற்சி), வைராக்கியம் (பிடிவாதம் அல்ல, பற்றில்லாமை). மனதின் ஓட்டம் அடங்க இந்த இரண்டும் தேவை. நெடுங்காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு செய்தால்தான் அப்பியாசம் வேரூன்றும் என்கிறார் பதஞ்சலி, அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் செய்வதைவிடத் தினமும் இருபது நிமிடம் எவ்வளவோ மேல்.

வைராக்கியம்தான் கடினம். நேற்று வந்த ஆசனம் இன்று வரவில்லையா, அதிலேயே மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போங்கள், நன்றாக வந்தாலும் அப்படியே.