‘இது என்ன நிறம்?’ என்று கேட்க முதல்: முற்றத்திலேயே பிள்ளைக்கு நிறம் பழக்கும் முறை

இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பந்தைக் காட்டி “இது என்ன கலர்?” என்று கேட்பதில்தான் அநேகமாக எல்லா வீட்டிலும் நிறப் பாடம் தொடங்குகிறது. பிள்ளை “சிவப்பு” என்னும். மஞ்சள் வாளியைக் காட்டினாலும் “சிவப்பு” தான். நிறம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. வாளியின் எந்தக் குணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதுதான் விளங்கவில்லை. அளவா, வழவழப்பா, தண்ணி அள்ளும் வேலையா?

பேர் சொல்வது கடைசிப் படி. ஒரே நிறத்தைச் சோடி சேர்ப்பது, பலதைக் கலந்து வைத்து வகை பிரிப்பது, பேரைக் கேட்டு எடுத்துத் தருவது ஆகிய மூன்றும் அதற்கு முன் வரவேண்டும். இந்த ஒழுங்கில் போனால் கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ எந்த வீட்டிலும் காசு செலவழித்து விளையாட்டுச் சாமான் வாங்கத் தேவையில்லை.

முதலில் சேர்க்க வேண்டியவை

தையற்கடையில் கழித்து வைத்திருக்கும் வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பூவும் கோடும் இல்லாத ஒற்றை நிறத் துணியாக இருக்கட்டும். 15 சென்ரிமீற்றர் சதுரமாக, ஒவ்வொரு நிறத்திலும் இரண்டிரண்டு வெட்டுங்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை, கறுப்பு. மொத்தம் 12 துண்டு. ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். நூல் பிரிந்தால் பிள்ளை நிறத்தை மறந்து நூலை இழுக்கத் தொடங்கிவிடும்.

எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம் என்பதுதான் இதில் முக்கியம். சிவப்புக்குக் காரும் நீலத்துக்குப் பந்தும் வைத்துப் பழக்கினால் பிள்ளை காரைத்தான் ‘சிவப்பு’ என்று பிடித்துக்கொள்ளும். பிறகு நீலக் காரைக் காட்டும்போது குழம்பும். அது பிள்ளையின் பிழையில்லை.

சோடாப் போத்தல் மூடிகள் நல்ல நிறங்களில் சும்மா கிடைக்கும். ஆனால் மூன்று வயதுக்குக் கீழே அவை வேண்டாம். குறுக்களவு 3 சென்ரிமீற்றர் அளவுதான், தொண்டையில் அடைக்கும். சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கும் எதுவும் அதன் மூடிய கைமுட்டியைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

இடத்தையும் கவனிக்க வேண்டும். சிவப்புச் சீமெந்து நிலத்தில் சிவப்புத் துணியை விரித்தால் எடுபடாது. கீழே வெள்ளைத் துணியோ சாயமிடாத பாயோ போடுங்கள். நீலத் தறப்பாளுக்குக் கீழே இருந்து விளையாட வேண்டாம். அந்த நிழலில் வெள்ளை நீலம் தட்டும், மஞ்சள் பச்சையாய்த் தெரியும். உச்சி வெயிலும் சரிவராது, கண் கூசும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வேம்பு நிழல், அல்லது விறாந்தை.

சோடி சேர்த்தல்

ஒன்றரை, இரண்டு வயதில் தொடங்கலாம். இரண்டே நிறம் எடுங்கள்: சிவப்பும் நீலமும். சிவப்போடு செம்மஞ்சளையோ, நீலத்தோடு ஊதாவையோ முதல் நாளில் வைக்க வேண்டாம்.

சிவப்பு ஒன்றையும் நீலம் ஒன்றையும் பாயில் ஒரு முழ இடைவெளியில் விரியுங்கள். மற்றச் சிவப்பை நீங்களே எடுத்து, பேசாமல், சிவப்பின் மேல் வையுங்கள். “இதுவும் இதுவும் ஒண்டு” என்று மட்டும் சொல்லுங்கள். நீலத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்து “இது எங்க போகும், வையுங்கோ பாப்பம்” என்று சொல்லுங்கள். மாறி வைத்தால் “பிழை” என்று சொல்லத் தேவையில்லை. அப்படியே எடுத்து உரியதன் பக்கத்தில் பிடித்துக் காட்டி, திரும்பக் கையில் கொடுங்கள்.

ஐந்து நிமிடம் போதும், பத்து நிமிடம் அதிகம். பிள்ளை துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினால் அன்றைக்கு முடிந்தது. பத்துத் தடவையில் எட்டுத் தடவை சரியாக வைத்தால் மஞ்சளைச் சேருங்கள், பிறகு பச்சையை. நீலமும் பச்சையும் கொஞ்ச நாள் மாறுபடும். அப்போது அந்த நீலம் கடும் நீலமா, பச்சை நல்ல பச்சையா என்று முதலில் துணியைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவிலான மயில்கழுத்து நிறத் துணியை வைத்துவிட்டுப் பிள்ளையில் குறை சொல்லக்கூடாது.

வகை பிரித்தல்

சுளகில் எல்லாவற்றையும் கலந்து போட்டு, மூன்று கடகத்தில் அல்லது பால்மாப் பேணியில் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பேணிக்குள்ளும் ஒரு துணித்துண்டை அடையாளமாகப் போட்டுவிடுங்கள். இப்போது சாமான்களின் வடிவம் மாறலாம்: உடுப்புக் கிளிப், பழைய கரண்டி, பெரிய மூடி. வடிவம் மாறியும் நிறத்தைப் பார்த்துப் போட்டால், நிறம் என்பது தனிக் குணம் என்று பிள்ளை பிடித்துவிட்டது.

காய்ந்த உடுப்பு மடிக்கும் நேரம் இதற்குத் தோதானது. “நீல உடுப்பெல்லாம் இஞ்சால போடுங்கோ” என்றால் உங்கள் வேலையும் கொஞ்சம் குறையும் (நாலு வயதில், இரண்டு வயதில் கூடும்).

நாலு வயதுக்கு மேலே பயறு, உழுந்து, கௌபி, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றில் ஒவ்வொரு மேசைக்கரண்டி கலந்து பிரிக்கக் கொடுக்கலாம். பக்கத்தில் இருங்கள். மூக்கிலும் காதிலும் பயறு போடுகிற வயது அது.

பேர் பழக்குதல்

மொன்ரிசோரி முறையில் இதற்கு மூன்று கட்டம் உண்டு. முதலில் நாங்கள் சொல்வது: “இது சிவப்பு. இது நீலம்.” அடுத்து பிள்ளை எடுப்பது: “சிவப்பைத் தாங்கோ. நீலத்தை அம்மம்மாட்டக் குடுங்கோ.” கடைசியாக: “இது என்ன நிறம்?” நடுக்கட்டத்திலேயே பல நாள் நில்லுங்கள். எடுத்துத் தருவது பிழைக்காமல் வரும்வரை மூன்றாவது கேள்விக்குப் போக வேண்டாம்.

சொல்லும் விதத்திலும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். ‘சிவப்புப் பூ’ என்றால் பிள்ளை பூவைப் பிடித்துக்கொண்டு சிவப்பை விட்டுவிடும். “இந்தப் பூவைப் பாருங்கோ... சிவப்பு” என்று பொருளை முதலில் காட்டி, நிறத்தைப் பின்னால் சொல்லுங்கள்.

எங்கள் பேச்சு வழக்கு வைக்கும் பொறிகளையும் தெரிந்திருக்க வேண்டும். பச்சைத்தண்ணிக்கு நிறமே இல்லை. பச்சையரிசி வெள்ளை. கடைக்குப் போய் “ஒரு கிலோ சிவப்புப் பச்சையரிசி” என்று கேட்கும்போது பக்கத்தில் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? சிவப்பு முட்டை மண்ணிறம், சிவப்புச் சீனியும் மண்ணிறம், சிவலை மாடும் மண்ணிறம், செவ்விளநீர் செம்மஞ்சள். பழக்கும் முதல் மாதங்களில் இவற்றை உதாரணமாகக் காட்டாதீர்கள். பிள்ளையே “இது பச்சை இல்லையே” என்று ஒரு நாள் மறித்துக் கேட்கும். அப்போது விளக்கினால் போதும். ஆட்களைக் ‘கறுவல்’, ‘வெள்ளை’ என்று சொல்வதையும் இந்த விளையாட்டுக்குள் இழுக்க வேண்டாம்.

தமக்கையோ தமையனோ முந்திக்கொண்டு பதில் சொல்வதும் நடக்கும். மூத்த பிள்ளைக்கு ‘துணி ஒளிக்கும் ஆள்’ என்று ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்.

முற்றத்தில் தேடுதல்

ஒரு துணித்துண்டைக் கையில் கொடுத்து, “இதை மாதிரி என்ன இருக்கு, தேடுவம்” என்று நடவுங்கள். சிவப்புக்குச் செவ்வரத்தை, மஞ்சளுக்குப் பழுத்த பப்பாசி, கறுப்புக்குக் காகம். வயலோரம் வீடென்றால் நெல்லே பாடம் நடத்தும்: காலபோக விதைப்புக்குப் பிறகு இளம்பச்சை, பிறகு கடும்பச்சை, அறுவடைக்கு முன் பொன்மஞ்சள். இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயும் காணிகளில் சிறுபோகத்திலும் இதை ஒருமுறை பார்க்கலாம்.

பூவரசம்பூவைக் கட்டாயம் காட்டுங்கள். காலையில் மஞ்சளாக விரிந்த பூ பின்னேரம் செம்மைக்கு மாறும். காலையில் ஒரு பூவுக்குப் பக்கத்தில் நூல் கட்டிவிட்டு, பின்னேரம் அதே பூவிடம் கூட்டிப் போங்கள். பெரிய பிள்ளைகளுக்கு மாமரம். கொழுந்து செம்பு நிறம், அடுத்தது இளம்பச்சை, பிறகு கடும்பச்சை, மஞ்சள், சருகு. ஐந்து இலையையும் ஒரே மரத்திலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை இல்லாமல் இந்தப் படியைச் செய்யக்கூடாது. அலரி, கார்த்திகைப்பூ, ஊமத்தை மூன்றும் நஞ்சு, பார்க்க மட்டும். எருக்கலம்பால் கண்ணில் படக்கூடாது. குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் எந்தப் பிள்ளையையும் இழுக்கும்; மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தேடுதல் கூட்டிய முற்றத்தோடு நிற்கட்டும். பற்றைக்குள்ளும் வெளிக் காணியிலும் நிறமாகக் கிடக்கும் இரும்பு, குழாய், பிளாஸ்ரிக் எதையும் தொடவே கூடாது என்று சிவப்பு பழக்கும்போதே சொல்லுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எங்கே நின்றாலும் அதற்கு அப்பால் போகக்கூடாது. வெடிபொருள் முழுதும் அகற்றி முடியாத காணிகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன.

நிறம் கலத்தல்

மூன்று வயதிலிருந்து செய்யலாம். கழுவிய வெள்ளை யோகட் கப் ஆறு, சின்னக் கரண்டி, ஊசி இல்லாத 5 மில்லிலீற்றர் சிறிஞ் ஒன்று எடுத்து வையுங்கள்.

நீலம்: நீலச் சங்குப்பூ பத்தை அரைக் கோப்பை சுடுதண்ணியில் போட்டுப் பத்து நிமிடம் விட்டு வடியுங்கள். சுடுதண்ணி வேலை பெரியவர்களுக்கு.

மஞ்சள்: கால் தேக்கரண்டி மஞ்சள்தூளை அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணியில் கலக்கித் துணியில் வடியுங்கள். வடிக்காவிட்டால் தூள் அடியில் தங்கி, மேலே வெளிறிப் போகும்.

சிவப்பு: பாதிப் பீற்றூட்டைத் துருவிப் பச்சைத்தண்ணியில் பிசைந்து பிழியுங்கள். அவித்தால் நிறம் மங்கும். இது முழுச் சிவப்பில்லை, கொஞ்சம் றோஸ் அடிக்கும். நல்ல சிவப்பு வேண்டுமென்றால் செவ்வரத்தை இதழை ஊறவைத்து நாலு துளி தேசிப்புளி விடுங்கள். மங்கிய ஊதாவாக இருந்த தண்ணி பளிச்சென்று சிவக்கும்.

கலக்கும்போது வெளிர் நிறத்தை முதலில் ஊற்றி, கடும் நிறத்தைத் துளித்துளியாக விடவேண்டும். மஞ்சள் நாலு கரண்டிக்குப் பீற்றூட் ஒரு கரண்டி: செம்மஞ்சள். மஞ்சள் இரண்டுக்கு நீலம் ஒன்று: பச்சை. பீற்றூட்டும் நீலமும் சரிபாதி: நாவல் நிறம். மாறிச் செய்தால் கடும் நிறம் மற்றதை விழுங்கிவிடும். எப்படியும் பிள்ளை எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றி மண்ணிறமாக்கத்தான் போகிறது. அதற்கென்று ஒரு கப்பை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

கிணற்றுத்தண்ணியில் சுண்ணாம்புத்தன்மை கூடின இடங்களில் சங்குப்பூ நீலம் பச்சை தட்டலாம். ஒரு துளி தேசிப்புளி விட்டால் நீலம் திரும்பும். கூட விட்டால் ஊதாவுக்குப் போய்விடும். அது பிழையில்லை, இன்னொரு விளையாட்டு.

நாலு வயதிலும் மாறினால்

நாலு, நாலரை வயதில் மற்ற நிறமெல்லாம் சரியாக வந்து, சிவப்பும் பச்சையும் மண்ணிறமும் மட்டும் மாறிக்கொண்டிருந்தால் மேலும் மேலும் பழக்காதீர்கள். பச்சை இலைக்குள் கிடக்கும் செவ்வரத்தம்பூ கண்ணில் படுகிறதா என்று தூரத்தில் வைத்துப் பாருங்கள். இந்தச் சிவப்பு-பச்சை நிறக்குருடு ஆண்பிள்ளைக்குத் தாய்வழியாகக் கடத்தப்படும். ஆண்பிள்ளைகளில்தான் கூடக் காண்பது. ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் புள்ளிப் படங்களை வைத்துச் சோதிப்பார்கள். பள்ளிக்கூடம் சேர்க்க முதல் தெரிந்தால், ‘பச்சைக் கொப்பியை எடு’ என்ற சொல்லுக்குப் பிள்ளை அடி வாங்காது.

கறை

மஞ்சள் கறைக்குச் சவர்க்காரம் போட்டதும் அது செக்கச்செவேலென்று சிவக்கும். பயந்து தேய்க்க வேண்டாம். நன்றாக அலசி நேர் வெயிலில் காயப்போடுங்கள், கறை மங்கிக்கொண்டே போகும். சவர்க்காரம் போடும்போது பிள்ளையைப் பக்கத்தில் நிற்பாட்டுங்கள்: மஞ்சளாய்ப் போனது எப்படிச் சிவப்பாய் வந்தது என்று அதுவே கேட்கும்.