புது எல்இடி மாட்டி, இருக்கிற பவளத்தைக் கருக்கிவிடாதீர்கள்

புது லைட் மாட்டி மூன்றாம் நாள். காலையில் பவளம் வளர்க்கும் என் கடல்நீர் டேங்க் முன்னால் போய் நின்றால், பாறை உச்சியில் இருந்த சிவப்பு மஷ்ரூம் கோரல் ஓரங்களை மேலே சுருட்டிக்கொண்டு சின்னக் கிண்ணம் மாதிரி இருந்தது. மூன்று அங்குலம் விரிகிற உயிர் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒடுங்கிப் போயிருந்தது. அதிலிருந்து பிரிந்து பாறையின் அடியில், நிழலில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு குட்டிகள் மட்டும் எப்போதும்போல விரிந்து கிடந்தன. தண்ணீரை டெஸ்ட் செய்தேன். உப்பு, வெப்பம், நைட்ரேட் எல்லாம் பழைய அளவிலேயே இருந்தன. அந்த வாரம் மாறியது ஒன்றே ஒன்று, தலைக்கு மேல் தொங்கிய விளக்கு.

அதுவரை அந்த நாலடி டேங்குக்கு 54 வாட் டி5 குழல்கள் (மெல்லிய ட்யூப்லைட்டுகள்) நாலு எரிந்துகொண்டிருந்தன. அவற்றைப் புதிதாக மாட்டி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. டி5 குழல் கண்ணுக்கு எரிவதுபோலவே தெரிந்தாலும், ஒரு வருடத்துக்குள் அதன் வெளிச்சம் கணிசமாக இறங்கிவிடும். பவளங்கள் அந்த மங்கலுக்குப் பழகிப்போய் நிம்மதியாக இருந்தன. அவற்றின் தலையில் திடீரென்று உச்சி வெயிலைக் கொண்டுவந்து இறக்கிவிட்டேன். லைட் விற்ற கடையில் "எண்பது சதவீதத்தில் வையுங்கள் சார், ஒன்றும் ஆகாது" என்றார்கள். நானும் வைத்தேன். பழைய விளக்கைவிட அது மங்கலாகத்தான் தெரிந்தது.

அந்த "மங்கலாகத் தெரிந்தது" என்பதில்தான் எல்லாமே கெட்டது.

கண்ணை நம்புவது

லைட் மாற்றும்போது பல பவளங்கள் இழக்கப்படுவது இந்தத் தவறால்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் கண் பச்சை ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும், அதிகபட்சம் 555 நானோமீட்டரில். ரீஃப் எல்இடியில், அதாவது பவள டேங்குக்கென்றே வரும் விளக்கில், முக்கால்வாசி வெளிச்சம் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம். அதே ஆற்றலுள்ள பச்சை ஒளியோடு ஒப்பிட்டால், அந்த நீலம் நம் கண்ணுக்கு ஏறத்தாழ 25இல் ஒரு பங்குதான் வெளிச்சமாகத் தெரியும். பவளத்தின் கதை வேறு. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் ஜூஸாந்தெல்லே என்ற நுண்பாசிகளுக்கு நீலம்தான் முதல் உணவு. கடல் நீரில் சிவப்பு சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே மறைந்துவிட, நீலம் மட்டுமே ஆழம்வரை இறங்குவதால், அதைப் பிடிக்கும்படியாகவே அவற்றின் நிறமிகள் அமைந்திருக்கின்றன. நமக்கு மங்கலாகத் தெரிகிற டேங்கில் பவளம் வெந்துகொண்டிருக்கலாம்.

ஃபோனில் இருக்கும் லக்ஸ் ஆப்பும் இதே தவறைத்தான் செய்யும். லக்ஸ் என்பதே மனிதக் கண்ணின் கணக்கு. நான் ஆப்பை வைத்து அளந்தபோது பழைய குழலைவிடக் குறைவாகக் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா என்று யோசித்தேன். வாட் கணக்கும் உதவாது, லூமென் கணக்கும் உதவாது. தேவைப்படுவது பார் (PAR) அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்பதே அது. மஷ்ரூம், லெதர், ஜோவா போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை இருந்தால் தாராளம். பெரிய பாலிப் (வாயும் சுற்றிலும் கைகளும் உள்ள உடல்) கொண்ட எல்பிஎஸ் வகைக் கல் பவளங்களும் அநேகமாக இதே எல்லைக்குள் வாழும். அக்ரோபோரா மாதிரி சின்னப் பாலிப் உள்ள எஸ்பிஎஸ் வகைக் கல் பவளங்களுக்கு 200 முதல் 350 வரை.

பழைய விளக்கைக் கழற்றுவதற்கு முன்பே பார் மீட்டரால் அளந்து எழுதி வையுங்கள். பாறை உச்சி, நடு, மணல், இடது ஓரம், வலது ஓரம் என்று ஐந்தாறு இடம் போதும். பவளங்கள் இன்று எந்த அளவில் வாழ்கின்றன என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் துண்டுச்சீட்டுதான். விளக்கைக் கழற்றிவிட்டால் அதைத் திரும்ப அளக்க முடியாது. மீட்டர் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் வருடத்துக்கு இரண்டு நாள் தேவைப்படுகிற கருவி அது. ரீஃப் வளர்க்கிற நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அல்லது வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கலாம். வாங்கும்போது எல்இடிக்கென்றே வந்த சென்சாரா என்று பாருங்கள். பழைய வகை சென்சார்கள் நீலத்தைக் குறைத்துக் காட்டும்.

புது விளக்கு மாட்டிய முதல் நாள், அந்தச் சீட்டில் இருக்கும் எண்களையே புது விளக்கிலும் கொண்டுவாருங்கள். அதற்கு எல்இடியை 25 சதவீதத்தில் வைக்க வேண்டியிருந்தால் 25லேயே வையுங்கள். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிவிட்டுக் கால்வாசியில் ஓட்டுவதா என்று மனசு அடித்துக்கொள்ளும். ஓட்டுங்கள்.

அவசரம்

முதல் நாள் அளவைச் சமன் செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்புறம் ஏற்றுவது வாரத்துக்கு ஐந்து சதவீதம், அவ்வளவுதான். ஆறு வாரம் ஆகட்டும், எட்டு வாரம் ஆகட்டும். ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் இரண்டு மூன்று நாள் பவளத்தைப் பாருங்கள். பாலிப் வெளியே வருகிறதா, மேலே வெளிச்சம் விழுகிற பக்கம் மட்டும் நிறம் வெளுக்கிறதா, லெதர் தோலை உரித்துவிட்டு மறுபடி விரிகிறதா அல்லது சுருங்கியே கிடக்கிறதா. சந்தேகம் வந்தால் அந்த வாரம் ஏற்றாதீர்கள். மீட்டர் கிடைக்கவே இல்லையென்றால் விளக்கை வழக்கத்தைவிட உயரத்தில் தொங்கவிட்டு, 20 அல்லது 25 சதவீதத்தில் தொடங்கி, இன்னும் மெதுவாக ஏறுங்கள்.

சிலர் சதவீதத்தைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் குறைக்கிறார்கள். பத்து மணி நேரத்துக்குப் பதிலாக ஐந்து மணி நேரம் முழு வெளிச்சம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பு. ஆகாது. பாசி தாங்கக்கூடியதைவிட ஒளி அதிகமாகும்போது, அதன் ஒளிச்சேர்க்கை இயந்திரம் தடுமாறி நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்களை உற்பத்தி செய்கிறது. பவளம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. வெளுப்பது என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தச் சேதத்துக்கு ஐந்து மணி நேரம் தாராளமாகப் போதும்.

மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கோடையில் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தபோது நடந்ததும் இதே இரசாயனம்தான். அங்கே தொடங்கி வைத்தது தண்ணீரின் சூடு. சூடு ஏறினால், வழக்கமாகத் தாங்குகிற வெளிச்சமே பாசிக்கு அதிகமாகிவிடும். இது நம் வீட்டு டேங்குக்கும் நேரடியாகப் பொருந்தும். சென்னையில் அக்னி நட்சத்திரம் நடக்கும்போது தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் விடாமல் ஓடியும் தண்ணீர் 28, 29 டிகிரியைத் தொடுகிற வீடுகள் உண்டு. அந்த நேரத்தில் லைட் மாற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை வரை பொறுத்துக்கொண்டு, டேங்க் 25, 26 டிகிரியில் நிலையாக நிற்கும்போது தொடங்குங்கள்.

எஸ்பிஎஸ் வைக்கும் ஆசையில் லைட்டை மாற்றுகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. கல் பவளங்கள் எல்லாமே 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. நம் கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் அது குற்றம். யாராவது "ராமேஸ்வரம் பீஸ்" என்று சொல்லி விற்க வந்தால் வாங்காதீர்கள். அந்தப் பாறைகள் ஏற்கெனவே பட்டது போதும்.

அடுத்தவர் செட்டிங்கை அப்படியே எடுத்துக்கொள்வது

"என் டேங்கில் நீலம் 90, வெள்ளை 15" என்று ஒருவர் சொல்வது அவருடைய டேங்குக்கு மட்டும்தான் பொருந்தும். அவர் விளக்கு தண்ணீரிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கலாம், உங்களுடையது 20இல் இருக்கலாம். லென்ஸின் கோணமும் தண்ணீரின் ஆழமும் வேறாக இருக்கும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நிறங்களின் விகிதத்தை மட்டும். நீலமும் ஊதாவும் முன்னால் இருக்கட்டும், வெள்ளை அதில் ஒரு பகுதி, சிவப்பும் பச்சையும் கொஞ்சமே கொஞ்சம். டேங்க் பார்க்க "இயற்கையாக" இருக்கட்டும் என்று வெள்ளையையும் சிவப்பையும் ஏற்றினால், பெரும்பாலும் முதலில் செழிப்பது கண்ணாடியில் படியும் பாசிதான்.

நாலடி டேங்குக்கு ஒரே பெரிய விளக்கை நடுவில் மாட்டுவதும் வேண்டாம். லென்ஸுக்கு நேர்கீழே 300 காட்டும் இடத்திலிருந்து இரண்டு சாண் தள்ளினால் 60 காட்டும். நடுவில் இருப்பவை கருகும், ஓரத்தில் இருப்பவை கழுத்தை நீட்டிக்கொண்டு வெளிச்சம் தேடும். அதே காசுக்கு இரண்டு சின்ன விளக்குகள் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதால் பாறையின் நிழலும் குறையும்.

லைட்டோடு சேர்த்து மற்றதையும் மாற்றுவது

விளக்கு வந்த உற்சாகத்தில் அதே ஞாயிற்றுக்கிழமை பாறையை அடுக்கி மாற்றுவது, நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரைக் கழுவுவது, தண்ணீரைத் தெளியவைக்கும் கரியான புது கார்பன் போடுவது என்று ஒரேயடியாக இறங்கிவிடுகிறோம். இதில் கார்பனைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. மாதக்கணக்கில் கார்பன் போடாத டேங்கில் தண்ணீர் லேசாக மஞ்சளாக இருக்கும். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீரை எடுத்து வைத்துப் பார்த்தால் தெரியும். அந்த மஞ்சள் சரியாக நீல ஒளியைத்தான் வடிகட்டிக்கொண்டிருந்தது. புது கார்பன் இரண்டு நாளில் அதை உறிஞ்சிவிட்டால், நீங்கள் விளக்கைத் தொடாமலேயே பவளத்தின்மேல் விழும் வெளிச்சம் கூடிவிடும். உப்பு படிந்த மூடிக் கண்ணாடியைத் துடைத்தாலும் இதேதான். ஆகவே கார்பனும் துடைப்பதும் முதல் வாரம். பிறகு அளவெடுப்பது. அதற்குப் பிறகே புது விளக்கு.

வெளிச்சம் கூடினால் பவளத்தின் பசியும் கூடும். கல் பவளம் இருக்கும் டேங்கில், அது எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் ஆல்கலினிட்டி (கேஎச் என்று அளப்பது) வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். வாரத்துக்கு ஒருமுறை கேஎச் பார்ப்பவர் இந்த இரண்டு மாதமும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பாருங்கள். அது எட்டு, ஒன்பதை ஒட்டி நிலையாக நிற்க வேண்டும். மென்பவள டேங்கில் கவனிக்க வேண்டியது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். இரண்டும் பூஜ்யத்தில் கிடக்க, மேலே பலமான வெளிச்சம் அடித்தால் பவளம் வெளிறும். மணல்மேல் காற்றுக் குமிழோடு பழுப்புச் சளி மாதிரி டைனோ என்ற நுண்ணுயிர் படரவும் இடமாகிவிடும். நைட்ரேட் ஐந்து பிபிஎம்மை ஒட்டியும், பாஸ்பேட் 0.03க்குக் குறையாமலும் இருக்கட்டும்.

மின்சார விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கின் டிரைவர் பெட்டியை சம்ப்புக்கு (டேங்கோடு இணைந்த வடிகட்டும் தொட்டி) பக்கத்தில் வைக்காதீர்கள். ஒயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லாத லைனில் கடல்நீர் டேங்க் வேண்டவே வேண்டாம். விளக்கின் ஃபேனில் உப்பு படியும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் துடையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், விளக்கின் கடிகாரம் சரியான நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சில விளக்குகள் நேரத்தை மறந்துவிட்டு நள்ளிரவில் உச்சி வெயில் அடிக்கும். இன்வெர்ட்டர் இருந்தால் அதை நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கருக்குக் கொடுங்கள். ஒரு நாள் வெளிச்சம் இல்லாமல் பவளம் இருந்துவிடும், நீரோட்டமும் ஆக்சிஜனும் இல்லாமல் இருக்காது.

ஏற்கெனவே வெளுத்துவிட்டால்

பதறிப்போய் பவளத்தைத் தினம் ஒரு இடமாக மாற்றுவது, பாதித் தண்ணீரை மாற்றுவது, கடையில் கொடுத்த பாட்டிலை ஊற்றுவது, இதெல்லாம் இரண்டாவது அடி. முதல் அடியே அதற்கு இன்னும் ஆறவில்லை. விளக்கைப் பாதியாகக் குறையுங்கள். கல் பெயர்த்து எடுக்கிற மாதிரி இருந்தால் ஒரே ஒருமுறை, நிழல் விழும் இடத்துக்கு இறக்குங்கள். அப்புறம் கையை டேங்குக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்தது செத்தது என்று அர்த்தம் இல்லை. திசு எலும்பின்மேல் இருக்கும்வரை, மென்பவளமானால் உடல் கரைந்து நாற்றமடிக்காதவரை, அது உயிரோடுதான் இருக்கிறது. பாசி போனதால் சமைத்துப் போட ஆளில்லாமல் பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். வாய் திறக்கிற வகையானால் இரவில் பம்பை நிறுத்திவிட்டு, உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்துச் சின்னச் சின்னத் துணுக்காகக் கொடுங்கள்.

சுருங்கி வெளுத்துப்போன என் மஷ்ரூம் தேறப் பத்து வாரம் எடுத்துக்கொண்டது. முதலில் திரும்பி வந்தது சிவப்பு அல்ல. அடிப்பக்கத்தில், கல்லை ஒட்டிய ஓரத்தில் டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு தெரிந்தது. அதைப் பார்த்து இன்னும் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்தேன். அந்தப் பழுப்பு, பாசி திரும்பக் குடிவந்ததன் நிறம். சிவப்பு அதற்குப் பின்னால்தான், மூன்றாம் மாதத்தில், நடுவிலிருந்து மெல்ல ஏறி வந்தது.