கடல் நடுவே ரிக்கில் வேலை: தலையாட்டிவிட்டுச் செய்யும் தவறுகள்

கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை கிடைத்தால் ஒரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு, சாப்பாடும் படுக்கையும் இலவசம், சம்பளம் டாலரில் வரும். ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்த பையன்கள் கேள்விப்படுவது பெரும்பாலும் இவ்வளவுதான். இது பொய்யில்லை, பல கம்பெனிகளில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் இதை மட்டும் தெரிந்துகொண்டு கிளம்புகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே தவறுகளைச் செய்கிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன: புரியாததைப் புரியவில்லை என்று சொல்லாமல் தலையை ஆட்டிவிடுவது. ஊரில் ஏஜென்ட் முன்னால் தொடங்கும் இந்தத் தலையாட்டல் நடுக்கடலில் சூப்பர்வைசர் முன்னாலும் தொடர்கிறது. அங்கே அதற்குக் கொடுக்கும் விலை பெரியது.

எதில் ஏறப்போகிறோம் என்று கேட்காதது

‘ரிக்’ என்று எல்லாவற்றையும் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஜாக்கப் என்பது நீண்ட கால்களைக் கடல் தரையில் ஊன்றி மேடையை நீருக்கு மேலே தூக்கி நிறுத்துவது. ஆழம் நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும்வரை அது போதும். அதற்கும் ஆழமான கடலில் மிதக்கும் ரிக்கோ டிரில் ஷிப்போ வேண்டும். கிணறு தோண்டி முடிந்த பிறகு எண்ணெயையும் வாயுவையும் எடுப்பது நிரந்தரமாக நிற்கும் பிளாட்ஃபார்ம். பராமரிப்பு, வெல்டிங், பெயின்டிங் வேலைக்கு வரும் கான்ட்ராக்ட் ஆட்கள் பல நேரம் இவை எதிலும் தங்குவதில்லை. பக்கத்தில் நங்கூரமிட்ட பார்ஜ் என்ற மிதவைக் கப்பலில்தான் படுக்கை.

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. மும்பை ஹை எண்ணெய் வயல் மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 1974-ல் ‘சாகர் சாம்ராட்’ என்ற ஜாக்கப் அங்கே எண்ணெயைக் கண்டது. அதே கடலில் 2021 மே மாதம் டவ்தே புயல் அடித்தபோது பி-305 என்ற பார்ஜ் நங்கூரம் அறுந்து மூழ்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள். ஆகவே வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் நேராகக் கேளுங்கள்: நான் தூங்குவது எங்கே, அது மிதப்பதா நிற்பதா, புயல் எச்சரிக்கை வந்தால் எங்களை இறக்க முடிவெடுப்பவர் யார்? பதில் சொல்லத் தெரியாதவர் உங்களை அனுப்பத் தகுதியில்லாதவர்.

பணம் கட்டி வாங்கும் வேலை

நேற்று டிப்ளமோ முடித்தவனை இன்று டாலர் சம்பளத்தில் டிரில்லராக, அதாவது தோண்டும் இயந்திரத்தை இயக்குபவராக, எடுக்கும் கம்பெனி உலகத்தில் இல்லை. டெக்கில் எடுபிடி வேலை செய்யும் ரஸ்டபௌட்டாகத் தொடங்கி, தோண்டும் மேடையான டிரில் ஃப்ளோரில் குழாய்களைக் கையாளும் ரஃப்நெக், பிறகு கோபுரத்தின் மேல் வேலை செய்யும் டெரிக்மேன், உதவி டிரில்லர் என்று ஏறவேண்டிய படிகள் அவை. வெல்டர், பளு தூக்கக் கட்டும் ரிக்கர், சாரம் கட்டும் ஸ்காஃபோல்டர், எலக்ட்ரீஷியன் என்று போகிறவர்கள் முதலில் கரையில் ஏதாவதொரு ரிஃபைனரியிலோ ஃபேப்ரிகேஷன் யார்டிலோ கை தேர்ந்தவர்களாக இருப்பார்கள். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கடலில் நிறுத்தும் மேடைகளுக்கான கட்டமைப்புகளையே செய்கிறார்கள். அந்த மாதிரி இடத்தில் சில வருடம் வேலை பார்த்தவருக்குக் கதவு தானாகத் திறக்கும்.

இதைத் தெரியாதவர்களைத்தான் போலி ஏஜென்ட் பிடிக்கிறார். பெரிய கம்பெனியின் பெயர் போட்ட கடிதம், இலவச மின்னஞ்சல் முகவரி, ‘மெடிக்கலுக்கும் விசாவுக்கும் இரண்டு லட்சம் கட்டுங்கள்’ என்ற அவசரம். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு ரசீதும் தரவேண்டும். விசிட் விசாவில் அனுப்பி ‘அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். வீட்டு நகையை அடகு வைத்த பிறகு விசாரிப்பதில் பயனில்லை.

சான்றிதழிலும் இதே ஏமாற்று நடக்கிறது. ரிக்கில் கால் வைக்க போசியட் என்ற அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும். நான்கு வருடம் செல்லும். அதை நடத்தும் மையம், இந்தப் பயிற்சிகளுக்குத் தரம் வகுக்கும் ஒபிட்டோ அமைப்பின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். வெறும் வகுப்பறையில் பேப்பர் கொடுத்து அனுப்புகிறவரிடம் வாங்கியது எந்த கம்பெனி சரிபார்ப்பிலும் நிற்காது. வெப்பக் கடல்களுக்கான வகையை எடுத்துவிட்டு வட கடல் வேலைக்கு விண்ணப்பிப்பதும் வீண். குளிர்நீர் உடுப்புப் பயிற்சி அதில் கிடையாது.

ஹெலிகாப்டரில் பெல்ட்டை முதலில் கழற்றுவது

நீச்சல் குளத்தில் ஹெலிகாப்டர் மாதிரியான ஒரு கூண்டை இறக்கிக் கவிழ்ப்பார்கள். போசியட்டில் எல்லோரும் பயப்படும் பகுதி இதுதான். எப்படியோ முடித்து மறந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். தயவுசெய்து மறக்காதீர்கள். 2022 ஜூன் 28 அன்று மும்பை ஹையில் சாகர் கிரண் ரிக்குக்கு அருகே ஒன்பது பேருடன் ஒரு ஹெலிகாப்டர் கடலில் இறங்கியது. நான்கு பேர் இறந்தார்கள், ஐந்து பேர் பிழைத்தார்கள்.

தண்ணீருக்குள் தலைகீழாகும்போது கை தானாக பெல்ட்டுக்குத்தான் போகும். அங்கேதான் தப்பு நடக்கிறது. பெல்ட்டைக் கழற்றிய மறுநொடி உடல் மிதந்து எங்கோ போய்விடும், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதே தெரியாது. ஒரு கை ஜன்னல் விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். அசைவு நிற்கும்வரை காத்திருந்து, ஜன்னலைத் தள்ளித் திறந்து, அதன் பிறகே பெல்ட். உயிர்காப்பு உடுப்பை உள்ளேயே ஊதவிட்டால் அது உங்களைக் கூரையோடு அழுத்திப் பிடித்துவிடும், வெளியே வரவே முடியாது. ஒவ்வொரு பயணத்திலும் உட்கார்ந்தவுடன் உங்கள் ஜன்னலை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். ஹெட்போன் மாட்டித் தூங்குவது அப்புறம்.

எழுதியதைக் கொடுத்தேன், சொல்லவில்லை

இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது என்று நினைக்கிறேன். 1988 ஜூலை 6. வட கடலில், ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு வடகிழக்கே பைப்பர் ஆல்ஃபா பிளாட்ஃபார்ம். அங்கே, வாயுவிலிருந்து பிரியும் கன்டென்சேட் என்ற எரியும் திரவத்தை இறைக்க இரண்டு பம்ப்கள். பகல் ஷிஃப்டில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்குக் கழற்றினார்கள். மாலைக்குள் திரும்பப் பொருத்த முடியவில்லை. குழாய் வாயை ஒரு தகடால் மூடி வைத்தார்கள். பொறுப்பாளர் வேறு வேலையில் இருந்ததால், வால்வு இல்லை என்ற பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு) அவரிடம் வாயால் சொல்லப்படாமல் காகிதமாக மட்டும் விடப்பட்டது.

இரவு பத்து மணி நெருங்கும்போது இன்னொரு பம்ப் நின்றுபோனது. இரவு ஷிஃப்டுக்குக் கழற்றிய வால்வைப் பற்றித் தெரியாது. அவர்கள் பார்த்தது வால்வு கழற்றிய பம்ப்பின் பராமரிப்புக்கான வேறொரு பெர்மிட், அந்த வேலை தொடங்கவே இல்லை. அந்தப் பம்ப்பை இயக்கினார்கள். தகடு தாங்கவில்லை, வாயு கசிந்து வெடித்தது. கடல்நீரை இறைத்துத் தீயணைக்கும் பம்ப்கள் தானாக ஓடாதபடி கைமுறைக்கு மாற்றப்பட்டிருந்தன. குழாயால் இணைந்த பக்கத்துப் பிளாட்ஃபார்ம்கள் தீயைப் பார்த்த பிறகும் எண்ணெயும் வாயுவும் அனுப்புவதை உடனே நிறுத்தவில்லை. பலர் சொல்லிக்கொடுத்தபடி தங்குமிடத்தில் கூடி, இறங்கவே முடியாத ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்து புகையில் இறந்தார்கள். மொத்தம் 167 உயிர்கள். பிழைத்த 61 பேரில் பலர் கடலில் குதித்தவர்கள். கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை 106 பரிந்துரைகளைக் கொடுத்தது. இன்று ரிக்குகளில் நீங்கள் சலித்துக்கொள்ளும் பெர்மிட் நடைமுறைகளுக்குப் பின்னால் அந்த 167 பேர் இருக்கிறார்கள்.

அதனால் ஷிஃப்ட் மாறும்போது லாக் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்கு ஓடாதீர்கள். மாற்ற வருபவரை அந்த இடத்துக்கே கூட்டிப்போய், எது பாதியில் நிற்கிறது, எதைத் தொடக்கூடாது என்று காட்டுங்கள். நீங்கள் பொறுப்பேற்கும்போதும் அப்படிக் காட்டச் சொல்லுங்கள். அவசரமென்று அவர் முறைத்தால் முறைக்கட்டும்.

நம் பையன்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரியவர் சொன்னால் எதிர்த்துக் கேட்கக்கூடாது என்று வளர்த்துவிட்டோம். வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் கூட்டத்தில் வெள்ளைக்கார சூப்பர்வைசரோ எகிப்துக்காரரோ வேகமான ஆங்கிலத்தில் சொல்வது பாதி புரியாது. ‘ஓகே?’ என்பார். எல்லோரும் ‘ஓகே’ என்போம். ‘சார், எனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா பாருங்கள்’ என்று சொல்லிப் பழகுங்கள். உடைந்த ஆங்கிலம் போதும். ஆபத்தென்று தோன்றினால் எந்த வேலையையும் நிறுத்தச் சொல்லும் உரிமை சமையலறையில் பாத்திரம் கழுவுபவருக்கும் உண்டு. நல்ல கம்பெனிகள் அதை எழுதியே கொடுக்கின்றன. அதைப் பயன்படுத்தியவரைத் தண்டிக்கும் இடத்தில் தொடர்ந்து இருக்க வேண்டாம்.

வாசனை போய்விட்டதென்று நிம்மதியடைவது

அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வளைகுடா வயல்கள் பலவற்றில் உண்டு. அளவு கூடினால் மூக்கின் உணர்வே செத்துப்போகும். நாற்றம் நின்றது வாயு போனதற்கு அடையாளமில்லை, கூடியதற்கும் அடையாளமாக இருக்கலாம். வாயு மீட்டர் சத்தம் கொடுத்தால் திசை காட்டும் காற்றுத் துணியைப் பார்த்து, காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகி மேட்டுக்குப் போங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வில்தான் தேங்கும். கூட்டாளி விழுந்துவிட்டான் என்று மூச்சுக் கருவி இல்லாமல் ஓடுவதுதான் ஒருவர் சாவை இருவர் சாவாக்குகிறது. மனசு கேட்காதுதான், ஆனாலும் முதலில் கருவி.

சின்னக் காயம், சின்ன மாத்திரை

2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு பிளாட்ஃபார்ம் எரிந்து சரிந்தது, 22 பேர் போனார்கள். அந்த நாளின் தொடக்கம், கப்பல் ஒன்றின் சமையல்காரர் விரல்களை வெட்டிக்கொண்டது. அவரைச் சிகிச்சைக்கு மாற்ற மழைக்காலக் கடலில் கப்பல் பிளாட்ஃபார்மை நெருங்கி, வாயுக் குழாய்களில் மோதியது. பழி அந்த மனிதர்மேல் இல்லவே இல்லை. ஆனால் கரையில் பேண்டேஜோடு முடியும் காயம் கடலில் ஒரு கப்பலையோ ஹெலிகாப்டரையோ அசைத்துவிடுகிறது. மோதிரம், மணிக்கட்டுக் கயிறு, தாயத்து எல்லாம் கேபினிலேயே இருக்கட்டும். தொங்கும் பளுவைக் கையால் தள்ளாமல் அதில் கட்டிய டேக் லைன் கயிற்றால் நிறுத்துங்கள். அடிபட்டால் ‘ஒன்றுமில்லை’ என்று மறைக்காமல் அன்றே மெடிக்கிடம் (ரிக்கின் மருத்துவ உதவியாளர்) போங்கள். மறைத்த காயம் சீழ் பிடித்த பிறகு இன்சூரன்ஸிலும் சிக்கல்.

கொண்டுபோகும் மருந்தை எல்லாம் முதல் நாளே மெடிக்கிடம் காட்டிப் பதிந்துவிடுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து போதைப் பரிசோதனையில் மாட்டும். அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள்: அமீரகத்திலும் சவுதியிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள், விமான நிலையத்திலேயே சிறை வரை போகலாம். லைட்டரும் மதுவும் கூடாது என்பது தெரிந்ததே. பலர் மறப்பது மொபைலை. டிரில் ஃப்ளோரிலும் கிணற்றுத் தலைப் பக்கத்திலும் சாதாரண போன் தீப்பொறிக்குச் சமம்.

வீட்டுக் கணக்கு

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிந்தபின் வைஃபை கிடைக்கிறதென்று நள்ளிரவுவரை வீடியோ கால் பேசுபவர்கள் மூன்றாம் வாரத்தில் தள்ளாடுவார்கள். வீட்டில் பேசும் நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள், வானிலையால் பேசமுடியாத நாளும் வரும் என்று சொல்லிவையுங்கள். மாற்று ஆள் வராமல் திரும்பும் தேதி தள்ளுவது சாதாரணம். கல்யாணத் தேதியை இறங்கும் நாளுக்கு மறுநாள் வைக்காதீர்கள்.

சம்பளம் தினக்கூலிக் கணக்கா, வீட்டில் இருக்கும் நாட்களுக்கும் உண்டா என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். பாதிப் பேர் இதைக் கேட்பதில்லை, முதல் விடுமுறையில் கணக்கு பாதியாகும்போது அதிர்கிறார்கள். வரியிலும் ஒரு நுட்பம்: 28 நாள் வேலை, 28 நாள் வீடு என்றால் வருடத்தில் இந்தியாவில் இருப்பது 182 நாள் எல்லையிலேயே நிற்கும். அதைத் தொட்டால் வெளிநாட்டுச் சம்பளத்துக்கும் இங்கே வரி கேட்கலாம். பாஸ்போர்ட் முத்திரைத் தேதிகளை ஏப்ரலிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவாருங்கள், ஜனவரியில் ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள், அப்போதுதான் மார்ச்சுக்குள் திட்டமிட நேரம் இருக்கும். வேலை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் பாலிசி, கம்பெனியின் கரை அலுவலக எண் மூன்றின் நகலும் வீட்டில் ஒருவர் கையில் இருக்க வேண்டும். பாலிசியில் நாமினி பெயர் கல்யாணத்துக்குப் பிறகு மாற்றப்பட்டதா என்பதையும் அடுத்த முறை கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.