பழைய வால்வு ப்ரீஆம்பில் ஹம் ஓசையை நீக்குவது எப்படி?

இசைத்தட்டின் மீது ஊசியை இறக்குவதற்கு முன்பே ஸ்பீக்கரில் தாழ்ந்த சுருதியில் ‘ம்ம்ம்’ என்ற ஓசை விடாமல் கேட்குமானால், பெரும்பாலும் ப்ரீஆம்பின் (இசைத்தட்டு ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் கருவி) பவர் சப்ளை மூப்படைந்துவிட்டது என்று பொருள். இந்த ஓசையைத்தான் ஹம் என்கிறோம். என்னிடம் இருப்பது 1960களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு ப்ரீஆம்ப். டைனகோ பாஸ்-3 என்ற அக்கால ப்ரீஆம்ப் போன்றவற்றில் உள்ள அமைப்பே இதிலும் உள்ளது: சிக்னலைப் பெருக்க நான்கு 12ஏஎக்ஸ்7 வால்வுகள், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையராக ஒரு 12எக்ஸ்4 வால்வு, நான்கு கெபாசிட்டர்களை ஒரே அலுமினிய டப்பாவுக்குள் அடக்கிய ஒரு ஃபில்டர், வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர்களுக்குத் தனியாக டிசி மின்சாரம் தரும் ஒரு செலினியம் ரெக்டிஃபையர். இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வார இறுதிகள் தேவைப்பட்டன. அவற்றில் இரண்டு, ஒரே ஒரு கிரவுண்ட் வயரைத் தவறான இடத்தில் பற்றவைத்ததால் வீணானவை. ஈயம் பற்றவைக்கவும் மல்டிமீட்டர் பிடிக்கவும் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேல் இருக்கக்கூடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் முதலைக் கிளிப்புகளைப் பொருத்தி, ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் குறுக்கே சில வினாடிகள் மாட்டி வையுங்கள். மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள்.

அடுத்ததாக, ஓசையை அடையாளம் காண வேண்டும். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையர் அலையின் இரு பாதிகளையும் எடுத்துக்கொள்வதால், ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துபோனால் வரும் ஹம் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் என்றால் அது எர்த் லூப் (இரண்டு வழிகளில் எர்த் ஆகி உருவாகும் வளையம்), ஏசியில் ஓடும் ஹீட்டர் வயர், பக்கத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம், அல்லது ஒரு பாதி செயலிழந்த ரெக்டிஃபையர் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். இரண்டுக்கும் இடைவெளி சரியாக ஒரு ஸ்தாயி. பழகிய காது பிரித்தறியும், பழகாதவர்களுக்குக் கைப்பேசியில் உள்ள ஸ்பெக்ட்ரம் செயலி காட்டிவிடும். பிறகு எல்லா இன்புட்களையும் கழற்றி, நடுமுனையும் உறையும் இணைக்கப்பட்ட ஆர்சிஏ பிளக்கை (ஆடியோ வயர்களின் நுனியில் உள்ள சாதாரண பிளக்) ரெக்கார்டு பிளேயரை இணைக்கும் ஃபோனோ இன்புட்டில் செருகுங்கள். அப்போதும் இரு சேனல்களிலும் ஒரே அளவில் 100 ஹெர்ட்ஸ் கேட்டால் பவர் சப்ளையை நோக்கிப் போகலாம். ஒரு சேனலில் மட்டும் கேட்டால் வால்வுகளை இடம் மாற்றிப் பாருங்கள்.

கெபாசிட்டரின் மதிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். மொத்த மின்னோட்டம் 8 மில்லிஆம்பியர், முதல் கெபாசிட்டர் 20 மைக்ரோஃபாரட் என்றால், அதன் மீது ஏறத்தாழ 4 வோல்ட் ரிப்பிள் (டிசியில் எஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம்) இருக்கும். அடுத்து வரும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இன்னொரு 20 மைக்ரோஃபாரட்டும் அதை ஏறத்தாழ 125இல் ஒரு பங்காகக் குறைக்கும். அந்த இரண்டாம் கெபாசிட்டர் காய்ந்து 2 மைக்ரோஃபாரட்டாகச் சுருங்கினால் ரிப்பிள் பன்னிரண்டில் ஒரு பங்காக மட்டுமே குறையும். மீதி நேராக இசையோடு கலந்துவிடும். ஃபோனோ பகுதியில் இது இன்னும் மோசமாகத் தெரியும். ஏனெனில் இசைத்தட்டில் குறைத்துப் பதியப்பட்ட தாழ்ந்த ஒலிகளைத் திரும்ப உயர்த்தும் ஆர்ஐஏஏ வளைவு, 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிடுகையில் 100 ஹெர்ட்ஸை ஏறத்தாழ நாலரை மடங்கு உயர்த்துகிறது.

இப்போது கெபாசிட்டர்களை மாற்றலாம். டப்பாவின் அடியில் உள்ள பேக்கலைட் தட்டில் ஒவ்வொரு முனைக்கும் அருகில் அரைவட்டம், சதுரம், முக்கோணம் என்று ஒரு வடிவம் வெட்டப்பட்டிருக்கும். ஒன்றுக்கு மட்டும் வடிவம் இருக்காது. டப்பாவின் மேல் எந்த வடிவத்துக்கு என்ன மதிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். வயர்களைக் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, வடிவத்தை வயரோடு சேர்த்துத் தாளிலும் எழுதி வையுங்கள். புதியவை 450 வோல்ட், 105 டிகிரி வகையாக இருக்கட்டும். முதல் கெபாசிட்டரின் மதிப்பைப் பழைய அளவிலேயே வையுங்கள், பெரிதாக்கினால் ரெக்டிஃபையர் வால்வின் ஆயுள் குறையும். பின்னால் வருபவற்றை இரு மடங்காக்கலாம். பழையதைக் கழற்றாமல் புதியதை அதன் மீதே இணைத்துவிடுவது சிலரின் வழக்கம். அதை நான் ஏற்பதில்லை. பழையது கசியத் தொடங்கினால் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். பழைய டப்பாவில் நான்கு கெபாசிட்டர்களுக்கும் டப்பாவின் உடலே பொதுவான நெகட்டிவ். அதன் முறுக்கிய காதுகள்தான் கிரவுண்டாக இருந்தன. தனித்தனிக் கெபாசிட்டர்களை வைத்தபோது, வயர் எட்டியது என்ற ஒரே காரணத்துக்காக, முதல் கெபாசிட்டரின் நெகட்டிவை ஃபோனோ வால்வுக்கு அருகில் இருந்த சேசிஸ் (எல்லாம் பொருத்தப்பட்ட உலோகச் சட்டம்) முனையில் பற்றவைத்தேன். டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் நடுவிலிருந்து வரும் சென்டர் டேப் வயரோ, சேசிஸின் மறுகோடியில் ஒரு போல்ட்டில் இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் மென்மையாக இருந்த ஹம் ‘கிர்ர்’ என்று கரகரப்பாக மாறியது. கெபாசிட்டர்கள்தான் மோசம் என்று நினைத்து, புத்தம்புதியவற்றையே இன்னொரு முறை மாற்றினேன்.

நடந்தது இதுதான். ரெக்டிஃபையர் முதல் கெபாசிட்டரைத் தொடர்ச்சியாக நிரப்புவதில்லை. ஒவ்வொரு அரைச் சுற்றின் உச்சியிலும் ஒரு கணம் வேகமாகத் திணிக்கிறது. அந்தத் துடிப்பு கெபாசிட்டரின் நெகட்டிவிலிருந்து சென்டர் டேப்புக்குத் திரும்ப வேண்டும். என் இணைப்பில் அது ஃபோனோ கிரவுண்ட் வழியாகச் சேசிஸ் முழுவதும் நடந்து போனது. துடிப்பு 50 மில்லிஆம்பியர், துருப்பிடித்த இணைப்பின் தடை 0.01 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் அரை மில்லிவோல்ட் பிறக்கிறது. ரெக்கார்டு பிளேயர் ஊசி தரும் சிக்னலே சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதில் பத்தில் ஒரு பங்கு ஹம்!

சரியான முறை இது: சென்டர் டேப் வயரை நேராக முதல் கெபாசிட்டரின் நெகட்டிவில் இணையுங்கள். அங்கிருந்து ஒரே வயர் இரண்டாம் கெபாசிட்டரின் நெகட்டிவுக்கும், அதிலிருந்து மூன்றாவதுக்கும் வரிசையாகச் சென்று, கடைசியில் ஃபோனோ கிரவுண்டை அடைய வேண்டும். சேசிஸை ஃபோனோ இன்புட் சாக்கெட்டுக்கு அருகில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தொடச் செய்யுங்கள். பழைய டப்பாவின் காதுகளில் வேறு வயர்கள் பற்றவைக்கப்பட்டிருந்தால் அவற்றையும் இதே வரிசைக்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு வயரை மாற்றியதும், வால்யூமை முழுவதும் திருப்பியும் வால்வின் மெல்லிய ‘உஷ்’ மட்டுமே கேட்டது.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 40 வாட் குண்டு பல்பை வரிசையில் சேர்த்த சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். வோல்ட்டை மெல்ல மெல்ல ஏற்ற உதவும் விலை உயர்ந்த வேரியாக்கை விட எனக்கு இதுவே பிடிக்கும். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும்.

ஹீட்டர் பக்கத்தில், செலினியம் ரெக்டிஃபையரைச் சிலிக்கன் டையோடுகளாக மாற்றிவிடுங்கள். செலினியம் கருகினால் வரும் புகை நச்சு. ஆனால் சிலிக்கனில் வோல்ட் இழப்பு குறைவு என்பதால் ஹீட்டர் வோல்ட் ஏறும். ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7இலும் 4, 5 ஆம் பின்களுக்கிடையே அளந்து, 12.6 வோல்ட்டுக்குப் பத்து சதவீதத்துக்குள் வரும்படி தொடரில் ஒரு ரெசிஸ்டரைச் சேருங்கள். அந்தப் பகுதியின் கெபாசிட்டர்களையும் அப்போதே மாற்றுவது நல்லது.

பிற்சேர்க்கை: இந்த முறையைப் பின்பற்றிய நண்பர் ஒருவருக்கு 100 ஹெர்ட்ஸ் நின்றும் 50 ஹெர்ட்ஸ் நிற்கவில்லை. 230 வோல்ட்டை 120 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரை அவர் ப்ரீஆம்பை ஒட்டியே, ஃபோனோ வால்வின் பக்கமாக வைத்திருந்தார். அதை மூன்றடி தள்ளி, கால் சுற்று திருப்பி வைக்கச் சொன்னேன், ஓசை அடங்கியது. 50 ஹெர்ட்ஸ் பிரச்சினை உள்ளவர்கள் ஈயத்தைச் சூடாக்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் வயரை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள்.