மிச்ச மாத்திரையை எண்ணிவிட்டுத் திட்டாதீர்கள்

“ஒழுங்கா மாத்திரை போடலைன்னா நாங்க என்ன பண்றது?” எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் புதிதாகச் சேர்ந்த ஆலோசகரின் குரல் வராந்தா வரை கேட்டது. ஒரு காலத்தில் நானும் இதையேதான் பேசினேன். பெயரை உரக்கக் கூப்பிடக் கூடாது என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். நான் சொல்லப்போவது வேறு: ஆலோசகர்கள் நாம் செய்யும் தவறுகள்.

மிச்சம் இருந்தால் அலட்சியம் என்று நினைப்பது

அப்போது காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மாதத்துக்கு 60 மாத்திரை. தையல் வேலை செய்யும் ஒருவர் கொண்டுவந்த பாட்டில் கலகலவென்று ஆடியது. எண்ணினேன்: 23. எப்போதும் இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறவர், அன்று சவரம்கூடச் செய்திருக்கவில்லை. அதைப் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. மருந்துக்கு வைரஸ் பழகிவிடும் என்று இருபது நிமிடம் வகுப்பெடுத்தேன். “சரிங்க சார்” என்றார். நோயாளி கையில் வைத்திருக்கும் சிகிச்சைப் பதிவேடான பச்சைப் புத்தகத்தில் ‘அறிவுரை வழங்கப்பட்டது’ என்று எழுதினேன். அந்த வரியை இன்று யார் எழுதினாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. தற்கொலைக்கு முயன்று, பிழைத்து, அப்புறம்தான் வந்தார். “மாத்திரை போட்டா இன்னும் உயிரோட இருக்கணுமே சார்” என்றார்.

மனச்சோர்வு வந்தால் முதலில் நிற்பது மாத்திரைதான். மாத்திரை நின்றால் வைரஸ் ஏறும், உடம்பு தளரும், மனம் இன்னும் கீழே போகும். நோய் தெரியவந்த முதல் சில மாதங்களில் ஆபத்து அதிகம். அதற்காக, பழைய ஆட்களை விட்டுவிட முடியாது.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 கேள்வித்தாளில் எட்டுக் கேள்வி கேட்டுவிட்டு, ஒன்பதாவதற்குத் தாங்களாகவே பூஜ்யம் போடுகிற ஆலோசகர்களைப் பார்த்திருக்கிறேன். அதுதான் சாவைப் பற்றிய கேள்வி. “செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். சீட்டு எழுதிக் கையில் கொடுப்பதும் போதாது, மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள்.

“தைரியமா இருங்க”

வேண்டாம்.

தூக்கமின்மையை ஒதுக்குவது

எபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிட்டவர்கள் கெட்ட கனவுகளைச் சொல்லி அழுததுண்டு. டோலுடெக்ராவிர் என்ற மருந்திலும் சிலருக்குத் தூக்கம் கெடும், மனம் சோரும். மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்வது நம் வேலை இல்லை.

பதறி வீட்டுக்கு போன் போடுவது

யாரைக் கூப்பிடலாம் என்று அவரிடமே கேளுங்கள். சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. விவரத்தை வெளியே சொல்வதை 2017 எச்.ஐ.வி. – எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது.

உதவி எண்ணைப் பச்சைப் புத்தகத்தில் எழுதுவது

அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. ஆனால் புத்தகத்தைப் பலர் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். அவர் போனிலேயே பதிந்து கொடுங்கள்.