நகரப் புதுப்பிப்புப் பணம்: வார்டு சபையில் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் கேரளத்தில் உள்ள எங்கள் ஊரின் வார்டு சபையில், அதாவது வார்டு வாக்காளர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், நாலைந்து இளைஞர்கள் எழுந்து, சந்தைப் பக்கத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். நல்ல ஆர்வம், நல்ல குரல். ஆனால் பத்து வருடத்துக்கு முன்னால் நான் பேசிய அதே பேச்சு, அதே ஓட்டைகளோடு. கூட்டம் முடிந்ததும் அவர்களை டீக்கடையில் உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நேரத்துக்குப் போங்கள், கோபப்படாதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"மத்திய அரசு பணம்தானே" என்பது

முழுப் பணமும் எங்கிருந்தும் வருவதில்லை. நகரங்களில் குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்காக மத்திய அரசு 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பாலக்காடும் இருந்தது. பத்து லட்சம் பேர் வரை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசு தந்தது திட்டச் செலவில் பாதி. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியை மாநிலமும் நகரசபையும் போட வேண்டியிருந்தது. கொச்சியும் திருவனந்தபுரமும் சேர்ந்த, நகரங்களை நவீனமாக்கும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்திலும் அப்படித்தான்: 100 நகரங்களுக்கு மத்திய அரசு ஒதுக்கிய 48,000 கோடிக்கு ஈடான தொகையை மாநிலமும் உள்ளாட்சியும் தேட வேண்டியிருந்தது. ஆகவே முதல் கேள்வி, நம் பங்கு எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதுதான்.

கட்டும் செலவோடு கேள்வியை நிறுத்துவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் அடங்காது.

எங்கள் சந்தையில் காய்கறி விற்கும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து விடியற்காலை வந்து மதியம் வரை உட்கார்ந்திருப்பார்கள். கழிப்பறை வேண்டும் என்று கையெழுத்து வாங்கினேன், மனு கொடுத்தேன், ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்தேன். எஸ்டிமேட்டை வாங்கி டைல்ஸ் விலை வரைக்கும் சண்டை போட்டுக் குறைத்தேன். அப்போது கீரை விற்கும் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "கட்டறது செரி கண்ணு, மோட்டாருக்கு கரண்டு பில்லு ஆரு கட்டறது?" "அதெல்லாம் பார்த்துக்குவாங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

திறந்து ஒரு வருடம் ஆவதற்குள் மோட்டார் காயில் எரிந்தது. மாற்றப் பணம் ஒதுக்கப்படவில்லை. கூட்டித் துடைக்க ஆள் போடவும் நகரசபைக் கணக்கின் எந்தத் தலைப்பிலும் தொகை இல்லை. கதவில் பூட்டு விழுந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தபோது பூட்டு துருப்பிடித்து, அதன் மேலேயே குளவி மண்கூடு கட்டியிருந்தது. பாட்டி பழையபடி பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் வந்தார். முட்டிவலியோடு.

எங்கே தவறினேன் என்பது நிதி வரும் வழியைப் படித்த பிறகுதான் புரிந்தது. கேரளத்தில் உள்ளாட்சிகளுக்கு மாநிலம் தரும் பணம் மூன்று வகை: வளர்ச்சி நிதி, பராமரிப்பு நிதி, பொதுத்தேவை நிதி. பராமரிப்பு நிதியிலும் சாலைக்குத் தனி, மற்ற சொத்துகளுக்குத் தனி. கட்டடத்தை வளர்ச்சி நிதியில் எழுப்பிவிடலாம். ஆனால் கரண்ட் பில், ஆள் கூலி, ஃபினாயில் என்ற அன்றாடச் செலவு கடைசியில் பெரும்பாலும் நகரசபையின் சொந்த வருமானத்தின் தலையில்தான் விழும். அந்த வருமானம் என்பது சொத்துவரி, கடை வாடகை போன்றவைதான். பெரிய திட்டங்களிலும் இதே கதைதான். அம்ருத் விதிமுறையில், விரிவான திட்ட அறிக்கையில் ஐந்து வருட இயக்கச் செலவைக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் திட்டத் தொகையில் அதைச் சேர்க்க முடியாது என்றிருந்தது. கட்டணம் வசூலித்தோ வேறு வழியிலோ மாநிலமும் நகரசபையும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதனால் இப்போது நான் எஸ்டிமேட்டை இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதலில் கேட்பது: மாதம் கரண்ட் எவ்வளவு ஆகும், எத்தனை ஆள், கூலி எந்தத் தலைப்பில், மோட்டார் எரிந்தால் யார் கையெழுத்தில் மாற்றுவார்கள்? பதிலைக் கூட்டத்தின் மினிட்ஸில் எழுதச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து வருவேன்.

கடனையும் மானியத்தையும் ஒன்றாக நினைப்பது

கேரள அரசின் உள்கட்டமைப்பு நிதி வாரியமான கிஃப்பி வழியாக வரும் பணத்தில் ஒரு பெரிய பகுதி கடன். 2019இல் மசாலா பத்திரம் (வெளிநாட்டில் ரூபாய் மதிப்பில் விற்கும் கடன் பத்திரம்) விற்றுத் திரட்டிய 2,150 கோடிக்கு வட்டி 9.723 சதவீதம். மோட்டார் வாகன வரியின் ஒரு பங்கும் பெட்ரோல் செஸ்ஸும் கிஃப்பிக்குப் போகின்றன. கிஃப்பி வாங்கும் கடன் மாநிலத்தின் கடன்தான் என்று தணிக்கைத் துறையும், இல்லை என்று அரசும் வாதிட்டதை இரண்டு பக்கமும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

கோயம்புத்தூரைக் காட்டிப் பேசுவது

அது மாநகராட்சி. வரி வருமானமே வேறு.

டெண்டர் முடிந்த பிறகு எழுவது

வீண்.

மலையாளம் சரியாக வராது என்று ஒதுங்குவது

கேரளத்தில் வாழும் தமிழர்களான நம்மில் பாதிப் பேர் இதற்காகவே வாய் திறப்பதில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில்தான் வர வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு மிகாத நகரசபைகளில் வார்டு சபையில் வாக்காளர் எல்லோருமே உறுப்பினர். இதையெல்லாம் கேட்ட அந்த இளைஞர்களில் ஒரு பெண் டீக்கடையிலேயே நோட்டைத் திறந்து, கரண்ட் பில் கேள்வியைத் தமிழில் எழுதினாள். கீரைப் பாட்டி கேட்ட அதே கேள்வி.